தண்டனைக்குப் பின்னும் தொடரும் கண்காணிப்பு
வடசென்னையை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

சிறைத்தண்டனை பெற்ற ஒருவன் தன் தண்டனைக் காலம் முழுவதையும் கழித்துவிட்டு வெளியே வருகிறான். சட்டம் அவன்மீது சுமத்திய கடனை அவன் தீர்த்துவிட்டான். ஆயினும் அவன் மீண்டும் குற்றம் புரியக்கூடும் என்னும் அச்சம் ஊராரை விட்டு நீங்குவதில்லை. அவ்வச்சத்தின் பெயரால் அரசு அவனை எதுவரையில் பின்தொடரலாம்? பின்தொடருமாறு ஆணையிடும் உரிமை யாருக்குரியது? எத்தனை ஆண்டுகளுக்கு? இம்மூன்று வினாக்களும் இன்று உலகின் பல நாடுகளில் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் கலக்கி வருகின்றன. கனடா நாட்டில் நீதிமன்றம் ஒருவனை நீண்டகாலக் குற்றவாளி என அறிவித்துத் தண்டனை முடிந்தபின் பத்தாண்டுகள்வரை மேற்பார்வையில் வைக்க இயலும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2003ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், அபாயமானவர் எனக் கருதப்படும் பாலியல் குற்றவாளிகளைத் தண்டனைக் காலம் கழிந்தபின்னும் சிறையில் வைக்கவோ மேற்பார்வையின்கீழ் விடுவிக்கவோ நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது.

இவை மேல்நாட்டாரின் பிரச்சினைகள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இத்தகைய கண்காணிப்புக்கு நம் மாகாணத்தில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்குரிய பங்கு மட்டுமன்று. இராயபுரம் முதல் எண்ணூர்வரை நீண்டுகிடக்கும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் ஊழியம் செய்யும் நம் சபைகள் இதனை அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

1. ஒரே ஆண்டில் இரு சட்டங்கள்

இங்கிலாந்து தன் குற்றவாளிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் வழக்கம் 1868ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. அதுமுதல் விடுதலை பெற்றவர்கள் உள்நாட்டிலேயே தங்கினர். மக்களின் அச்சமும் பெருகிற்று. 1869இல் ஒரு சட்டமும், அதனைத் திருத்தி 1871இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. பின்னையதன்படி, இரண்டாம் முறை பெருங்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவனைத் தண்டனைக்குப் பின் ஏழாண்டுகள்வரை காவல்துறையின் மேற்பார்வையில் வைக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். அவன் தன் இருப்பிடத்தை அறிவிக்கவேண்டும். மாதந்தோறும் நேரில் வந்து தெரிவிக்கவேண்டும்.

அதே 1871ஆம் ஆண்டில் இந்தியாவிலும் ஒரு சட்டம் பிறந்தது. அதுவே குற்றப் பரம்பரைச் சட்டம். இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இங்கிலாந்தில் கண்காணிக்கப்பட்டவன் தன் செயலுக்காக இருமுறை தீர்ப்புப் பெற்ற தனிமனிதன். இந்தியாவில் கண்காணிக்கப்பட்டது ஒரு பிறப்பு. அங்கே ஆணையிட்டது நீதிமன்றம். இங்கே ஆணையிட்டது அரசிதழில் வெளிவந்த அறிவிப்பு. அங்கே ஏழாண்டு எல்லை இருந்தது. இங்கே எல்லை எதுவும் இல்லை. முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்தையும் எட்டியது. குறவர், பிறமலைக் கள்ளர் முதலிய பல சமூகத்தார் தங்கள் கைரேகையைப் பதிந்து, இரவில் குறித்த இடத்தில் ஆஜராகவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டதும், பலர் மாண்டதும் தமிழகம் மறவாத நிகழ்ச்சிகள்.

2. மறக்கப்பட்ட ஒரு பிரிவு

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமை பேசப்பட்ட அளவுக்கு, அதனோடு ஒரே காலத்தில் நிலவிய மற்றொரு விதி பேசப்படவில்லை. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 565ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. திருட்டு, கொள்ளை, கள்ள நாணயம் போன்ற குறித்த வகைக் குற்றங்களுக்காக முன்னரே தண்டிக்கப்பட்ட ஒருவன் மீண்டும் அத்தகைய குற்றத்திற்காகத் தண்டிக்கப்படும்போது, விடுதலைக்குப் பின் அவன் தன் இருப்பிடத்தையும் இடமாற்றத்தையும் அறிவித்துவரவேண்டும் என்று தீர்ப்பளிக்கும் நீதிமன்றமே ஆணையிடலாம். தண்டனை முடிந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் அவ்வாணை செல்லாது. மேல்முறையீட்டில் தீர்ப்பு நீக்கப்படின் ஆணையும் தானே நீங்கும்.

இப்பிரிவு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 356ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 394ஆம் பிரிவாக நிற்கிறது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் இதில் விடை உண்டு. ஆணையிடுவது நீதிமன்றம். காலம் ஐந்தாண்டு. காரணம், திறந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட செயல். ஆணைக்கு உட்பட்டவன் அதனை எதிர்த்து வழக்காடவும் வழியுண்டு. குறைகள் இருப்பினும், நீதியின் அடிப்படை இலக்கணம் இதில் சிதையவில்லை எனலாம்.

ஆனால் வடசென்னையின் தெருக்களில் 394 என்னும் எண்ணை அறிந்தவர் அரியர். 110 என்னும் எண்ணை அறியாதவர் அரியர். ஏன் என்பதை இனிக் காண்போம்.

3. நீதிமன்றத்திலிருந்து காவல் நிலையத்திற்கு

1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 110ஆம் பிரிவு நன்னடத்தைப் பிணை பற்றியது. வழக்கமாகத் திருடுபவன், கொள்ளைப் பொருளை வாங்குபவன், பிணையின்றி வெளியே திரிய விடுவது சமுதாயத்திற்குக் கேடு எனத்தக்க அபாயமானவன் ஆகியோரிடம் மூன்றாண்டுகள்வரை நன்னடத்தைக்கான பிணைமுறி எழுதி வாங்கலாம் என்பது அதன் சாரம். இங்கே புதிய குற்றம் ஒன்று மெய்ப்பிக்கப்படவேண்டியதில்லை. ஒருவன் வழக்கமான குற்றவாளி என்பதை ஊரார் பேச்சைக் கொண்டே மெய்ப்பிக்கலாம் என்று சட்டமே இடங்கொடுக்கிறது. சிறையிலிருந்து மீண்டவனுக்கு ஊரில் என்ன பேர் இருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. எனவே பழைய தண்டனையே புதிய பிணைக்குக் காரணமாகிவிடுகிறது.

இவ்வதிகாரம் யார் கையில் இருந்தது என்பதன் வரலாறு கூர்ந்து நோக்கற்பாலது. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை நகரில் இது மாகாணத் தலைநகர நடுவரிடம் இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம், நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கும் நோக்கோடு, இதனை முதல்வகுப்பு நீதித்துறை நடுவரிடம் ஒப்படைத்தது. ஏழாண்டுகள் கழித்து, 1980ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனை நீதித்துறையிடமிருந்து எடுத்து நிர்வாக நடுவரிடம் கொடுத்தது. தமிழகத்தில் அதற்கு மேலும் ஒருபடி சென்று, 2010களில் பிறப்பிக்கப்பட்ட அரசாணைகள் காவல்துறைத் துணை ஆணையர்களையே நிர்வாக நடுவர்களாக்கின. புகார் கொண்டுவரும் ஆய்வாளரும், அதனை விசாரித்துப் பிணை கேட்கும் நடுவரும், பிணை மீறப்பட்டது எனச் சிறைக்கு அனுப்புபவரும் ஒரே துறையினராயினர். 2023 மார்ச்சு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அதிகாரப் பிரிவினைக்கு முரணானவை என்று அவ்வரசாணைகளைச் செல்லாதவையாக்கியது.

இப்பிணையினும் நெடியது சரித்திரப் பதிவேடு. காவல் நிலையத்தில் ஒருவன் பெயரில் திறக்கப்படும் இவ்வேட்டுக்கு நீதிமன்ற ஆணை எதுவும் வேண்டுவதில்லை. அவனுடைய உறவினர், நண்பர், தொழில், போக்குவரவு அனைத்தும் அதில் குறிக்கப்படும். குறித்த காலத்திற்கெனத் திறக்கப்பட்டாலும் உயர் அலுவலரின் உத்தரவால் அது மேலும் மேலும் நீட்டிக்கப்படலாம். தேர்தல் வந்தால், திருவிழா வந்தால், தலைவர் எவரேனும் வந்தால் அவ்வேடு புரட்டப்படுகிறது. ஏட்டிலுள்ளவன் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. தமிழில் வசைச்சொல்லாக வழங்கும் 'கேடி' என்பதே காவல்துறை ஏட்டிலிருந்து தெருவுக்கு வந்த சொல் என்பர். அறியப்பட்ட கொள்ளையன் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ஒரு நிர்வாகக் குறியீடு ஒரு மனிதனின் பெயராகவே மாறிவிட்டது.

உச்சநீதிமன்றம் இவ்வேட்டைப் பலமுறை ஆராய்ந்துள்ளது. 1962இல் கரக் சிங் வழக்கில், நள்ளிரவில் வீடு புகுந்து பார்க்கும் வழக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1980இல் மாலக் சிங் வழக்கில், கண்காணிப்பு மறைவாகவும் மனிதனின் மதிப்பைக் குலைக்காமலும் நடைபெறவேண்டும் என்று எல்லை வகுத்தது. அதே ஆண்டில் கோபாலனாச்சாரி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், 110ஆம் பிரிவு ஏழைகள்மீது எளிதில் பாயும் கருவியாகிவிடுவதைக் கண்டித்தார். 2024 மே மாதத்தில் அமானதுல்லா கான் வழக்கில், சரித்திரப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குரியதன்று என்றும், தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றவர்கள் பழைய தப்பெண்ணத்தால் அதில் சேர்க்கப்படாதபடி மாநிலங்கள் கவனிக்கவேண்டும் என்றும் கூறிற்று.

4. வடசென்னையின் நிலை

வடசென்னையும் சிறையும் அயலவை அல்ல. ஸ்டான்லி மருத்துவமனையை ஒட்டிச் செல்லும் சாலை இன்றும் பழைய சிறைச்சாலைச் சாலை என்றே வழங்கப்படுகிறது. 1837இல் எழுந்த மத்தியச் சிறை 2006இல் பூங்கா நகரை விட்டு நீங்கியபோது, அதற்கு மாற்றிடமாக அமைந்ததும் நகரின் வடக்கேயுள்ள புழலே.

இப்பகுதிக்கு மக்களை ஈர்த்தது வேலை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகமும், பின்னர்த் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் தோன்றிய மோட்டார், டயர், உரத் தொழிற்சாலைகளும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கொணர்ந்தன. மூட்டை சுமக்கும் தோள்கள் பல வேண்டியிருந்த காலம் அது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கல முனையம் தொடங்கியபின் அத்தோள்களின் தேவை குறையத் தொடங்கிற்று. 1996இல் பெரம்பூர்ப் பின்னி ஆலை மூடப்பட்டது. எஞ்சிய வேலைகளிலும் பல நிறுவனங்கள் இன்று காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கின்றன.

புழலிலிருந்து மீள்பவன் காசிமேட்டுக்கோ தண்டையார்ப்பேட்டைக்கோ திரும்புகையில் அவன் முன் நிற்பது இந்நிலையே. சான்றிதழ் இல்லையேல் வேலை இல்லை. ஏட்டில் பெயர் இருக்கும்வரை சான்றிதழ் இல்லை. வேலை இல்லாதிருப்பதே ஏட்டை மூடாமைக்கு ஒரு காரணம். பிணைமுறிக்குக் கையெழுத்திடப் பிணையாளிகளும் வேண்டும். சொத்தும் செல்வாக்கும் உள்ளவனுக்கு அவர்கள் எளிதில் கிடைப்பர்; இல்லாதவன் எவனிடம் போவான்? அவனை விட விரும்பாத பழைய கூட்டத்தின் தலைவனிடமே போவான். குற்றத்தைத் தடுக்க எழுந்த விதி குற்றவாளியைக் குற்றத்தோடு மீண்டும் பிணைத்துவிடும் விந்தையை இங்கே காண்கிறோம்.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. இப்பகுதி மக்களின் அச்சம் கற்பனையன்று. 2024 ஜூலையில் பெரம்பூரில் ஓர் அரசியல் கட்சியின் மாநிலத் தலைவர் தம் வீட்டருகிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மாமூல் கேட்டு மிரட்டப்படும் மீன் வியாபாரிப் பெண்ணும், கண்முன் கொலையைக் கண்டு சாட்சி சொல்ல அஞ்சும் கடைக்காரரும் நம் சபைகளிலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு அரசின் காவல் வேண்டும். குற்றவாளிக்கு இரக்கம் காட்டும் ஆர்வத்தில் அவனால் புண்பட்டவளை மறக்கும் இறையியல் பாதி இறையியலே. ஆகவே கண்காணிப்பே கூடாது என்பது எம் வாதமன்று. யார் ஆணையால், எவ்வளவு காலம், எக்காரணத்தால் என்பதே வாதம். எல்லையற்ற கண்காணிப்பு அந்த மீன் வியாபாரிக்கும் காவலாக அமையவில்லை. ஏட்டிலுள்ள அனைவர்மீதும் சமமாகப் பரவிய பார்வை, மெய்யாகவே அபாயமான சிலர்மீது ஆழமாகப் பதிவதில்லை.

5. திருச்சபையின் பங்கு

குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் அமைந்த குடியேற்றங்களை நடத்தும் பொறுப்பை அரசு மிஷன்களிடம் ஒப்படைத்தது. அக்காலச் சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்தில் ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தை இரட்சணிய சேனை நடத்திற்று. நெல்லூர் மாவட்டத்துக் காவலியில் அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனைச் சார்ந்த பாடன் ஐயர் மற்றொன்றை நடத்தினார். இந்திய அரசுப் பணியைத் துறந்து வந்து 1882இல் இந்தியாவில் இரட்சணிய சேனையைத் தொடங்கிய பூத் டக்கர், குற்றத்தைக் குணப்படுத்தும் கலை என்றே ஒரு கொள்கையை வகுத்தார்.

இப்பணியில் அன்பு இல்லை என்று கூறுவது நன்றிகேடாகும். நிலம், நெசவு, பள்ளி, மருந்து ஆகியவை அம்மக்களுக்குக் கிடைத்தன. ஆனால் மருந்து கொடுத்த கையே வருகைப் பதிவேட்டையும் பிடித்திருந்தது. வெளியே செல்ல மிஷனெரியின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டின்றிச் சென்றவனுக்குச் சிறை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப்பள்ளிகளில் வைக்கவும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. போதகரே காவலராகிவிட்ட இடத்தில், மனந்திரும்புதலையும் அடங்கிப்போதலையும் வேறுபடுத்தி அறிய எவராலும் இயலாது. அரசின் கட்டாயத்தைத் தன் கையில் ஏந்திய திருச்சபை, தான் பிரசங்கித்த கிருபையின் இலவசத் தன்மையை இழந்தது.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதிலும் 1952இல் நீங்கிற்று. ஆனால் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னையில் இயற்றப்பட்டது. அது பிறப்பை விட்டுத் தனிமனிதன் பெற்ற தண்டனைகளை அளவுகோலாகக் கொண்டது மெய்யான முன்னேற்றமே. ஆயினும் பழைய பெயர்ப்பட்டியல்களும் பழைய மனப்பான்மையும் ஒரு கையெழுத்தில் மறைந்துவிடவில்லை. 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம், சிறைக் கையேடுகளில் குற்றப் பரம்பரை என்னும் கருத்து இன்னும் எஞ்சியிருப்பதைச் சுட்டிக்காட்டவேண்டியிருந்தது.

6. காயீனின் அடையாளம்

ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் காயீனின்மேல் ஆண்டவர் ஓர் அடையாளத்தை இடுகிறார். பேச்சுவழக்கில் அதனைக் குற்றவாளியின் முத்திரையாகக் கொள்கிறோம். ஆனால் வேதவாக்கியம் கூறுவது நேர் எதிரானது. கண்டவன் எவனும் அவனைக் கொன்றுபோடாதபடிக்கே அவ்வடையாளம் இடப்பட்டது. காயீன் தன் குற்றத்திலிருந்து தப்பவில்லை. நிலத்தை இழந்து அலைந்தான். ஆயினும் அவன்மீதிருந்த தேவனுடைய பார்வை அவனைக் காத்தது. கண்காணிப்பு இருவகைப்படும் என்பதை இவ்வதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது: ஒன்று வேட்டையாடும் கண், மற்றொன்று காக்கும் கண்.

பிலேமோன் நிருபத்திலும் இவ்வுண்மை வேறு வகையில் விளங்குகிறது. ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும் பவுல், அவனுடைய கடன் ஏதேனும் இருப்பின் அதனைத் தம் கணக்கில் சேர்க்குமாறு தம் கையினாலேயே எழுதித் தருகிறார். நம் காலத்துச் சட்ட மொழியில் கூறுவதாயின், அப்போஸ்தலர் ஒநேசிமுவுக்குப் பிணையாளியாக நிற்கிறார்.

இவ்வழியில் நடந்த ஒரு சபையின் வரலாறு உண்டு. 1994இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து ஹாமில்டன் நகரில், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்திற்காகச் சிறையிலிருந்த ஒருவன் தண்டனை முழுவதையும் கழித்து வெளிவந்தான். அவன்மேல் மேற்பார்வை ஆணை எதுவும் இல்லை, ஊரோ கொதித்தது. ஹாரி நை என்னும் மெனோனைட் போதகரும் அவர் சபையார் சிலரும் அவனைச் சுற்றி ஒரு வட்டமாக அமைந்தனர். நாள்தோறும் அவனைச் சந்தித்தனர். வீடு தேடித் தந்தனர். அவனிடம் ஒளிவுமறைவின்றிக் கணக்குக் கேட்டனர். அண்டை வீட்டாரின் அச்சத்தையும் செவிமடுத்தனர். அம்முயற்சி கனடா எங்கும் பரவி, 2002இல் குவேக்கர்கள் வாயிலாக இங்கிலாந்திலும் வேரூன்றிற்று. துணையும் கணக்குக் கேட்டலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை அது மெய்ப்பித்தது.

நம் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 1936லேயே சென்னை மாகாணம் நன்னடத்தைச் சட்டத்தை இயற்றியது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், நன்னடத்தை அலுவலர் தம் மேற்பார்வையிலுள்ளவரைக் கவனிப்பதோடு தேவையானவிடத்து அவருக்கு ஏற்ற வேலை தேடித் தரவும் முயலவேண்டும் என்று கடமை விதிக்கிறது. அச்சட்டம் பெரும்பாலும் சிறைக்கு மாற்றாக அமைந்ததேயன்றிச் சிறைக்குப் பின்னையதற்கு அன்று. ஆயினும் மேற்பார்வை என்னும் சொல்லுக்குள் வேலையும் அடங்கும் என்று நம் சட்டமியற்றினோர் அன்றே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று.

எனவே நாம் கூறுவது இரண்டு. அரசுக்கு: தண்டனைக்குப் பின் ஒருவனைக் கண்காணிப்பது இன்றியமையாததாயின், அது நீதிமன்றத்தின் ஆணையாலும், மெய்ப்பிக்கப்பட்ட செயலின் அடிப்படையிலும், குறித்த காலத்திற்கும் ஆகட்டும்; அவன் அதனை எதிர்த்துப் பேசும் வாயிலும் திறந்திருக்கட்டும். இதற்கான சட்டப்பிரிவு 1898 முதல் நம் கையிலேயே இருக்கிறது.

சபைகளுக்கு: நம் முன்னோர் ஏந்திய வருகைப் பதிவேட்டை நாம் மீண்டும் ஏந்தவேண்டா. இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள ஒவ்வொரு குருசேகரமும் விடுதலை பெற்ற ஒருவருக்கு நான்கைந்து பேர் கொண்ட ஒரு வட்டமாக அமைய இயலும். பிணைமுறியில் கையெழுத்திட இரண்டு பிணையாளிகள், வேலைக்குப் பரிந்துரைக்க ஒரு மேற்பார்வையாளர், அவனால் துன்புற்றவளின் வீட்டுக்கும் சென்றுவர ஒரு மூத்த சகோதரி: இவர்களைக் கண்டெடுக்கப் பெருநிதி எதுவும் வேண்டுவதில்லை. அபாயமானவன் என ஊர் அஞ்சும் ஒருவன், பழைய கூட்டத்தின் தலைவனிடம் பிணைக்காகச் செல்லும் முன் நம் ஆலய வாசலுக்கு வரக்கூடுமாயின், அந்த மீன் வியாபாரிப் பெண்ணின் தெருவும் அன்று சிறிது பாதுகாப்புடையதாகும்.